கேட்டலும் சொல்லுதலும்: திருச்சிராப்பள்ளி அருட்பணி வரலாற்றில் ஒரு நோக்கு

திருமறை வகுப்புகளில் ஆண்டுதோறும் தவறாது எழும் ஐயங்களுள் ஒன்று, உண்மையை எடுத்துரைப்பதைப் பற்றியும் பிறர் சொல்வதைக் கேட்பதைப் பற்றியும் வேதாகமம் கூறுவன ஒன்றோடொன்று முரண்படுகின்றனவே என்பதாகும். சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் வசனத்தைப் பிரசங்கிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்குக் கட்டளையிடுகிறார் (2 தீமோ. 4:2). கேட்பதற்கு விரைந்தும் பேசுவதற்குத் தாழ்த்தும் இருக்கவேண்டும் என்கிறார் யாக்கோபு (1:19). காதில் கேட்டதை வீட்டின்மேல் நின்று முழங்கச் சொல்லும் ஆண்டவர் (மத். 10:27), அதே நற்செய்தி நூலில் முத்துக்களைப் பன்றிகளின்முன் எறியவேண்டாம் என்றும் எச்சரிக்கிறார் (7:6). மூடனுக்கு மறுமொழி கூறாதே என்று ஒரு வசனத்திலும், கூறு என்று அடுத்த வசனத்திலும் நீதிமொழிகள் உரைக்கிறது (26:4, 5). இவற்றை வைத்துக்கொண்டு, சொல்ல அஞ்சுகிறவன் ஒரு வசனத்தையும் கேட்க மனமில்லாதவன் மற்றொரு வசனத்தையும் தனக்குத் துணையாகக் கொள்ளுவது நாம் அறியாததன்று.

இவ்வையத்திற்குச் சொற்பொருள் ஆராய்ச்சியால் மட்டும் விடைகாண முயலுவது போதாது என்பது நமது கருத்து. இவ்வசனங்களைத் தம் கையில் ஏந்தி ஓர் ஊருக்கு வந்து, அங்கே ஆண்டுக்கணக்கில் சொல்லியும் கேட்டும் வாழ்ந்தவர்களின் வரலாறு நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையும் அதற்கு வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலுள்ள சீரங்கமுமே அந்த ஊர். அவ்வரலாற்றுக்குச் செல்லுமுன் வசனங்களைச் சற்றே பார்ப்போம்.

நீதிமொழிகளின் அவ்விரு வசனங்களும் யூதப் பேரறிஞர்களையே தயங்கச் செய்தன. ஒன்றுக்கொன்று முரணான சொற்களை உடையதென்று அந்நூலையே மறைத்துவைக்கச் சிலர் எண்ணினர் என்று தல்மூத் கூறுகிறது (சபாத் 30ஆ). ஆயினும் அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒன்று திருச்சட்டம் சார்ந்த பேச்சுக்கு, மற்றொன்று உலகியல் பேச்சுக்கு என்று பிரித்து அமைதி கண்டனர். அப்பிரிப்பு நமக்கு முழு நிறைவு தருவதில்லை. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்த தொகுப்பாசிரியர் கண்மூடி வைக்கவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தமிழராகிய நமக்கு இது புதிதன்று. திருக்குறளில் அவையறிதல் என்னும் 72ஆம் அதிகாரமும் அவையஞ்சாமை என்னும் 73ஆம் அதிகாரமும் அடுத்தடுத்தே நிற்கின்றன. கேட்போரின் தன்மையை அறிந்து அடங்குவதை ஒன்று புகழ்கிறது. கேட்போரைக் கண்டு நடுங்குவதை மற்றொன்று இகழ்கிறது. இவை முரணென்று எவரும் உரை வகுத்ததாகத் தெரியவில்லை.

மாற்கு நற்செய்தியில் இம்முரண் இன்னும் கூர்மையாகத் தோன்றும். குணமடைந்த குஷ்டரோகி ஒருவருக்கும் சொல்லலாகாது என்று கண்டிப்பாகக் கட்டளை பெறுகிறான் (1:44). பிசாசு நீங்கிய கெரசேனரின் நாட்டானோ, உடன்வர வேண்டியும் விடப்படாமல், தன் வீட்டாரிடம் போய் அறிவிக்கும்படி அனுப்பப்படுகிறான் (5:19). 1901இல் வில்லியம் விரேடே எழுதிய நூலுக்குப்பின் இதனை மேசியா மறைபொருள் என்று அறிஞர் வழங்குவர். அக்கோட்பாட்டை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் ஒன்று தெளிவு. முன்னவனுடைய ஊரில் மேசியா என்ற சொல்லுக்கு மக்கள் ஏற்கெனவே ஒரு பொருள் வைத்திருந்தனர். பின்னவனுடைய தெக்கப்போலியில் அத்தகைய எதிர்பார்ப்பு இல்லை. கேட்கிறவன் காதில் அச்சொல் என்னவாக விழும் என்பதைப் பொறுத்தே கட்டளை மாறுகிறது.

எசேக்கியேல் மூன்றாம் அதிகாரம் இவையனைத்தையும் ஒருங்கே கொண்டது. சிறைப்பட்டவர்களிடம் வந்த தீர்க்கன் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலே தானும் ஏழு நாள் திகைத்து உட்கார்ந்திருக்கிறான் (3:15). அதன்பின்னரே காவலாளனாக நியமிக்கப்பட்டு, எச்சரியாமற்போனால் இரத்தப்பழி உன்மேல் என்ற கடுஞ்சொல்லைக் கேட்கிறான் (3:17, 18). அதே அதிகாரத்தின் முடிவில் அவன் நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளச் செய்யப்படுகிறது (3:26). காவலாளனாகிய ஊமை! உட்காருதலும் எச்சரித்தலும் வாயடைத்தலும் ஒரே அழைப்பின் மூன்று பகுதிகள். இவ்வரிசையில் முதலாவது நிற்பது உட்காருதல் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தரங்கம்பாடியில் இட்ட அடித்தளம்

திருச்சிராப்பள்ளி அருட்பணியின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க் பேசுவதற்கு வந்தவர். ஆனால் சில ஆண்டுகளிலேயே அவரும் அவருடைய உடன் ஊழியர் குருண்ட்லரும் தமிழ் மக்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பி விடைகளை வாங்கத் தொடங்கினர். அவ்வாறு கிடைத்த 99 கடிதங்கள் ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு 1714இலும் 1717இலும் ஹாலே நகரில் அச்சாயின. தமிழர் தம் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றித் தாமே சொன்னதை ஐரோப்பா படிக்க நேர்ந்தது அப்போதுதான். 1713இல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு பற்றிய பெருநூல் ஒன்றையும் எழுதி முடித்தார். அதை அச்சிடுவதற்கு ஹாலேயின் தலைவர் பிராங்கே இசையவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவில் பரப்பவோ என்பது அவருடைய எண்ணம். அந்நூல் 1867ஆம் ஆண்டுவரை கையெழுத்தாகவே கிடந்து, பின்பு கெர்மன் என்பவரால் சென்னையில் வெளியிடப்பட்டது.

பிராங்கேயைப் பழிப்பது எளிது. அவர் கையிலும் வேதவசனம் இருந்தது. அந்நியருடைய தேவர்களை எவ்வாறு சேவித்தார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம் என்று உபாகமம் 12:30 எச்சரிக்கிறதன்றோ? சீகன்பால்கின் பக்கம் நிற்பது நீதிமொழிகள் 18:13. கேட்குமுன் விடையளிப்பது புத்தியீனம் என்பது அதன் கருத்து. இவ்விரு வசனங்களின் போராட்டம் ஹாலேக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே கடிதங்களில் நடந்தது எனலாம். ஆயினும் உபாகமம் விலக்குவது பின்பற்றுவதற்காக விசாரிப்பதையேயன்றி அறிந்துகொள்வதற்காகக் கேட்பதை அன்று என்பதை அவ்வசனத்தின் தொடர்ச்சியைப் படிப்போர் காண்பர்.

கோட்டையும் சீரங்கமும்

1750இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், ஹாலேயில் இருந்தபோதே தமிழைத் தொட்டுப் பார்த்தவர். 1762இல் முதன்முறையாகத் திருச்சிராப்பள்ளி வந்தார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபின் அநாதைகளான பிள்ளைகளுக்கென்று பள்ளி ஒன்று எழுந்தது. 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்துநாதர் ஆலயம் கட்டப்பட்டுப் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தெப்பக்குளத்திற்கு அருகே அது இன்றும் நிற்கிறது. 1767இல் இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு விளக்கச் சங்கத்தின் மிஷனெரியானார். 1778இல் தஞ்சைக்கு இடம்பெயரும்வரை கோட்டையே அவருடைய வாசஸ்தலம்.

அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி எத்தகைய ஊராய் இருந்தது? சந்தா சாகிபுக்கும் நவாப் முகமது அலிக்கும் இடையே நடந்த போரில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு பக்கம் நின்றனர். 1752இல் லா என்னும் தளபதியின் கீழ் இருந்த பிரெஞ்சுப் படை சீரங்கத்துக்குள் புகுந்து, கோயில் மதில்களையே அரணாக்கிக்கொண்டு, கடைசியில் அங்கேயே லாரன்சிடம் சரணடைந்தது. அரங்கன் கோயிலின் ஏழு திருச்சுற்றுக்களின் புறமதில்கள் துப்பாக்கிக்காரரின் பாசறையாயின. சுவார்ட்ஸ் அவ்வூருக்கு வந்தபோது இது நடந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. வெளிக்கோபுரம் அன்று முடிவுபெறாத மொட்டைக் கோபுரமாக நின்றது. (அது பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரமாக முடிந்தது 1987இல்.) ஐரோப்பியன் ஒருவன் ஆற்றைக் கடந்து சீரங்கத்துக்குள் வந்தால் அங்குள்ளோர் நினைவில் முதலில் எழக்கூடியது நற்செய்தி அன்று; பீரங்கி. இதை மறந்துவிட்டுச் சுவார்ட்ஸின் உரையாடல்களை வாசிப்பதில் பயனில்லை.

அவர் செய்தது என்ன? வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. பழைய கட்டடமொன்றில் தாமும் தம் கட்டிலும் மட்டும் கொள்ளத்தக்க ஓர் அறை. நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கருநிறப் பருத்தித் துணியில் தைத்த அங்கி. இவற்றைவிட நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. பேச்சுத் தமிழில் தேர்ந்தபின்னும் அது போதாதென்று கருதிய சுவார்ட்ஸ், மக்களின் சமயக் கொள்கைகளை அறிந்து பேசும்பொருட்டு அவர்களுடைய புராண நூல்களை ஐந்து ஆண்டுகள் படித்தார். எசேக்கியேலின் ஏழு நாள் இங்கே ஐந்து ஆண்டுகளாயின. நவாபின் அவையினரோடு பேசுவதற்குப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார்.

இதனால் அவர் பேசாமல் இருந்தவர் என்று எண்ணலாகாது. காலையில் உபதேசியாரைக் கூட்டி ஜெபித்து ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பிவந்து அன்று யார் யாரோடு என்ன பேசினோம் என்று கூறுவர். அவரும் வழிப்போக்கரோடும் வணிகரோடும் சிப்பாய்களோடும் சீரங்கத்துப் பிராமணரோடும் பேசினார். அவருடைய நாட்குறிப்புகளில் சமயம் வாய்க்காத இடமென்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. சில இடங்களில் அவர் கேட்டதைவிடச் சொன்னதே மிகுதி என்று இன்று படிக்கும் நமக்குத் தோன்றுகிறது. எதிராளியின் வாதம் இரண்டு வரியில் முடிய அவருடைய மறுமொழி ஒரு பக்கம் நீளுகிறது. எழுதியவர் அவர், அனுப்பியது ஐரோப்பிய நண்பருக்கு. ஆகவே அந்த அளவுகளை அப்படியே நம்பவும் இயலாது. மாலைக் கூட்டத்தை மட்டும் நாம் தனியே போற்றவேண்டும். சென்று சொன்னவர்கள் திரும்பிவந்து கேட்டதைச் சொல்லும் வழக்கம் நம் ஊழியத்தில் எத்தனை இடங்களில் இருக்கிறது?

சுவார்ட்ஸ் தம் வாயாலேயே பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. நட்டுவனார் ஒருவரையும் அவருடைய மாணவியாகிய ஆடற்பெண்ணையும் வழியில் கண்டு, பரிசுத்தமில்லாதவர் எவரும் பரலோகராச்சியத்தில் பிரவேசிப்பதில்லை என்று சொன்னார். அப்பெண் உடனே, அப்படியானால் ஐரோப்பியர் எவரும் அங்கே போகப்போவதில்லையே என்று இரங்கிச் சொன்னாளாம். முத்துக்களைப் பற்றிய வசனத்தை வைத்து, இவள் கேட்கத் தகுதியற்றவள் என்று ஒதுக்கக்கூடியவர்கள் அன்றும் இருந்திருப்பர். சுவார்ட்ஸ் அவள் சொல்லை மறைக்காமல் எழுதிவைத்தார். சொன்னவர் போதகர், உண்மையைச் சொன்னவள் அவள். மத்தேயு 7:6ஐ அதற்கு முந்திய ஐந்து வசனங்களிலிருந்து பிரித்து வாசிக்கும் வழக்கத்துக்கு இந்நிகழ்ச்சி நல்ல மருந்து. பன்றிகளைப் பற்றிப் பேசுமுன் ஆண்டவர் பேசுவது நம் கண்ணிலுள்ள உத்திரத்தைப் பற்றி.

கேள் என்ற நம் சொல்லுக்குச் செவியால் உணர்தல், வினாவுதல் என்ற இரு பொருளும் உண்டு. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவே கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்ததாக லூக்கா எழுதும்போது (2:46) கிரேக்கத்துக்கு இரு வினைகள் தேவைப்படுகின்றன. தமிழுக்கு ஒன்றே போதும். புராணங்களை ஐந்தாண்டு படித்தவரின் வினாக்கள் வேறுவகையாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 1779இல் ஆங்கிலேய அரசு ஐதர் அலியிடம் தூது அனுப்பச் சுவார்ட்ஸைத் தேர்ந்ததற்கும், பின்பு தஞ்சையில் பஞ்சம் வந்தபோது அவர் சொன்ன விலை கைக்கு வரும் என்று நம்பி உழவர் நெல் கொடுத்ததற்கும் காரணம் அவருடைய பிரசங்கம் மட்டுமன்று. (ஐதரை அவர் கண்டது மைசூர் நாட்டுச் சீரங்கப்பட்டணத்தில், பெயர் ஒப்புமையால் நம் சீரங்கத்தோடு மயங்கலாகாது.)

கோபுரத்தின் மேல்

சீரங்கத்தைப் பேசும்போது இராமாநுசரைப் பேசாமல் கடப்பது நேர்மையன்று. மரபு அவருடைய காலத்தை 1017 முதல் 1137 வரை என்று கூறும். திருமந்திரத்தின் உட்பொருளை அறிய அவர் சீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை சென்றதாகவும், வெளியிட்டால் நரகம் என்ற நிபந்தனையோடு பெற்றதாகவும், பின் அவ்வூர்க் கோயிலின் மேல் ஏறி நின்று அதனைப் பிறர் கேட்க உரைத்ததாகவும், தான் ஒருவன் நரகம் புகினும் பலர் உய்வர் என்று குருவுக்கு விடை கூறியதாகவும் வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும். கேட்டவர் அடியார் கூட்டத்தார்தாமா, ஊரார் யாவருமா என்பதில் வரலாறுகள் ஒன்றுபட்டுப் பேசவில்லை.

நம் மாணவர் இக்கதையைக் கேட்டவுடன் மத்தேயு 10:27ஐயும், தம் இனத்தாருக்காகத் தாம் சபிக்கப்பட்டவனாகவும் சம்மதித்த பவுலையும் (ரோமர் 9:3) நினைப்பர். நினைப்பது தகும். ஆயினும் அவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி கதையின் முற்பாதி. மேலேறி நின்றவர் அதற்குமுன் பதினெட்டு முறை நடந்து கேட்கச் சென்றவர். நம்பியின் மறைப்பை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளுவதற்கும் இல்லை. கேட்கிறவன் உண்மையாகவே கேட்க வந்தானா என்று அறியும் சோதனை அது. முத்துக்களை எறியவேண்டாம் என்ற எச்சரிக்கையும் வீட்டின்மேல் நின்று சொல்லும் கட்டளையும் ஒரு நற்செய்தி நூலில் அடங்குவதுபோல, குருவும் சீடரும் ஒரு கதையில் அடங்கியிருக்கின்றனர். சீரங்கத்துத் தெருக்களில் சுவார்ட்ஸோடு பேசிய பிராமணர் இக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். உண்மையை மறைப்பது தகுமா, வெளியிடுவது தகுமா என்ற வினாவை அவர்களுக்கு எவரும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதாக இருக்கவில்லை.

யார் எங்கே அமர்ந்து கேட்டனர்

இதுவரை சொன்னது சபைக்கு வெளியே நடந்தது. சபைக்குள் நடந்ததைச் சொல்லுவது கடினம்.

சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சை, திருச்சிராப்பள்ளிச் சபைகளில் வேளாளக் கிறிஸ்தவரும், பறையர் என்று அக்கால ஏடுகள் குறிக்கும் கிறிஸ்தவரும் ஆலயத்தில் வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்தனர். திருவிருந்தில் முன்னவர் முதலிலும் பின்னவர் பிறகும் பெற்றனர். பழைய மிஷனெரிமார் இவ்வேற்றுமையை மெல்ல மெல்ல மறையும் ஒரு நாட்டு வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டனர். கட்டாயப்படுத்தலாகாது என்பது அவர்கள் கொள்கை. இதற்கும் வேதவசனம் இருந்தது. பலவீனனை ஏற்றுக்கொள்ளும்படி ரோமர் 14 கூறுகிறதே.

கல்கத்தாப் பேராயர் ரெஜினால்ட் ஈபர் 1826இல் தென்னாட்டுக்கு வந்தபோது இவ்வழக்கம் பெரும் விவாதமாகிவிட்டிருந்தது. புதிதாக வந்த மிஷனெரிமார் அதனை ஒழிக்க முயன்றனர். பழைய சபையார் எதிர்த்தனர். ஈபர் உடனே தீர்ப்புக் கூறாமல் மிஷனெரிமாரிடம் கேள்விகள் எழுதி விடை கேட்டார். மார்ச் 26ஆம் நாள் தஞ்சையில் உயிர்த்தெழுதல் திருநாளைக் கொண்டாடித் தமிழிலே ஆசீர்வாதம் கூறினார். ஏப்ரல் முதல் நாள் திருச்சிராப்பள்ளி வந்து, 3ஆம் நாள் காலை கோட்டைக்குள் சுவார்ட்ஸின் ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். போலே ஐயர் 1818இல் மறைந்தபின் நிலையான மிஷனெரியின்றி இருந்த அச்சபையார் தங்களுக்குப் போதகர் வேண்டும் என்று அவரிடம் விண்ணப்பித்தனர். அன்று முற்பகலே குளிக்கச் சென்ற இடத்தில் நீருக்குள் இறந்து கிடந்தார். வயது 42. தூய யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. சாதிபற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு வந்த விடைகளை எடைபோட்டு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பதில் பயனில்லை.

அவருக்குப்பின் பேசியவர் டேனியல் வில்சன். 1833 ஜூலை 5ஆம் நாளிட்ட கடிதத்தில், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் அறவேயும் கைவிடப்படவேண்டும் என்று கட்டளையிட்டார். காவலாளனின் சொல் அது. அதன் உள்ளடக்கம் சரியென்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. கலாத்தியர் 3:28ஐ வாசிக்கும் எவருக்கும் இருக்க இயலாது. விளைவு கசப்பாக இருந்தது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் ஆராதனையைவிட்டு விலகினர். உபதேசியாரும் ஆசிரியரும் பணியிழந்தனர். விலகியவருள் ஒரு பகுதியினர் பின்னாட்களில் இவ்விஷயத்தில் பொறுமை காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தனர்.

வில்சன் கேளாமல் பேசினார் என்று சிலர் குறை கூறுவர். இக்குறையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. வேறொரு வினாவை முதலில் எழுப்பவேண்டும். அதற்குமுன் அறுபது எழுபது ஆண்டுகள் மிஷனெரிமார் கேட்டுக்கொண்டிருந்தது யாரை? விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களை. சுவார்ட்ஸின் மாணவரும் தஞ்சைக் கவிஞருமான வேதநாயக சாஸ்திரியார் 1829இல் சாதி வழக்கத்தைத் திருத்துவதை எதிர்த்துத் திறமையாக ஒரு நூலே எழுதினார். வேளாளர் கருத்து கடிதங்களிலும் விண்ணப்பங்களிலும் நிறைந்து கிடக்கிறது. ஆலயத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, பாத்திரம் தம்மிடம் கடைசியில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தம் கையால் எழுதி அனுப்பியது மிகச் சொற்பம். ஆகவே பழைய மிஷனெரிமாரின் பொறுமை கேட்டலால் விளைந்த பொறுமை என்று சொல்லுவது பாதி உண்மை. முதலில் வழக்காடுகிறவன் நீதிமானாகத் தோன்றுவான், மற்றவன் வந்து பரிசோதிக்கும்வரை என்ற பொருளில் நீதிமொழிகள் 18:17 பேசுகிறது. அந்த மற்றவன் வரவில்லை; வரவிடவில்லை என்பதே சரி. சீரங்கத்துப் பிராமணரின் நூல்களுக்கு ஐந்தாண்டு கொடுத்தவருடைய சபையிலேயே இது நடந்தது.

வில்சன் மறுபக்கத்தாரைக் கேட்டாரா என்றால், அதற்கும் பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை. அவர் அவர்களுக்காகப் பேசினார். ஊமையனுக்காக வாயைத் திறக்கும்படி நீதிமொழிகள் 31:8 கட்டளையிடுகிறது, அதைச் செய்தார். ஆனால் அவர்கள் ஊமையர் அல்லர். பேசக்கூடியவர்களுக்காகப் பிறர் பேசுவது அவர்களை இரண்டாம் முறை வாயடைப்பதாகவும் முடியலாம். எசேக்கியேல் முதலில் உட்கார்ந்த ஏழு நாளை அக்கடிதத்தில் நம்மால் காண முடியவில்லை. உட்கார்ந்தவர்களோ காவலாளனின் சொல்லை அறுபது ஆண்டுகள் ஒத்திவைத்தார்கள். எந்த வசனத்தையும் எவரும் மறுக்கவில்லை; ஒவ்வொருவரும் பாதி அதிகாரத்தை வாசித்தனர்.

யாக்கோபின் நிருபத்தை இங்கே மீண்டும் திறக்கலாம். கேட்பதற்கு விரையச் சொல்லும் 1:19ஐ நாம் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே பிரசங்கிக்கிறோம். நாவடக்கம், கோபமின்மை என்ற தலைப்புகளில் அது முடிந்துவிடுகிறது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. வசன எண் 1551இல் வந்தது. மூலத்தில் அவ்விரண்டும் இல்லை. அவற்றை நீக்கிவிட்டு வாசித்தால், கேட்கிறதற்கும் கேட்டதைச் செய்கிறதற்கும் ஒரே மூச்சில் சென்று, நல்ல வஸ்திரம் உடுத்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடிக்கருகில் இடமும் காட்டும் சபையை யாக்கோபு கடிந்துகொள்வதைக் காண்போம் (2:2, 3). 1:19க்கும் 2:3க்கும் இடையே பத்து வசனங்களே உள்ளன. கேட்டல் என்பது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு தொடங்குகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். திருச்சிராப்பள்ளிக் கோட்டை ஆலயத்தில் இந்நிருபம் எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும், இரு பக்கத்தாரும் அதனை எவ்வெவ்வாறு கேட்டிருப்பர்!

இப்பொருளில் மேலும் ஆராய விரும்பும் மாணவருக்கு ஒன்று கூறுவோம். சுவார்ட்ஸ், ஈபர், வில்சன் ஆகியோரின் கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன; வேதநாயகரின் கருத்துக்களை ஆய்ந்த நூல்களும் உள்ளன. மறுபக்கத்தில் அமர்ந்திருந்தோரைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. திருமுழுக்குப் பதிவேடுகள், கல்லறைத் தோட்டத்தின் ஓரங்கள், காவிரிக் கரையூர்ச் சபைகளில் முதியோர் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்லும் செய்திகள் ஆகியவற்றில் அத்தேடல் தொடங்கவேண்டும். முதியோரிடம் செல்லும் மாணவர் வினாப்பட்டியலை முதல் நாளே நீட்டாதிருப்பது நலம்.